நூறு பெயர் வேண்டும்: பங்சார் என்ற பழைய தொகுதி

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டார மக்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, விளக்கேற்றி வைத்த டத்தோ அவர்களே, ஆலய நிர்வாகத்தைச் சேர்ந்த பெரியவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்று இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாமார்களே, மகளிர் பிரிவுத் தலைவி அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம். எனக்கு முன் பேசிய டத்தோ அவர்கள் நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்த நிமிடங்களையும் சேர்த்து எனக்குத் தந்த தலைவருக்கு நன்றி. மாலை மரியாதையைக் குறைத்து, அந்தப் பணத்தில் நிலப்படம் அச்சிட்டு வந்திருக்கும் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தனி நன்றி. அந்த நிலப்படம் இன்றைய பேச்சுக்கு மிகவும் தேவையானது.

'ஊர் கூடித் தேர் இழு' என்பார்கள் நம் முன்னோர். இன்று நான் பேசப் போவதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

நான்கு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். நம் பக்கத்துப் பங்சாருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது; அந்தப் பெயரில் இருந்த தேர்தல் தொகுதி யாரை அனுப்பியது, ஏன் அனுப்பியது; அது எப்படி மறைந்தது; இந்த வட்டாரத் தெருப்பெயர்கள் எப்படி மாறின. இந்த நான்கும் ஓரிடத்தில் போய்ச் சேரும்.

முதலில் பெயர். எட்வார்ட் பங், ஆல்ஃபிரட் கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலீட்டாளர்களின் பெயர்கள் ஒட்டிப் பிறந்ததே பங்சார் என்று இந்த வட்டாரத்து வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். பங்–கிரிசார் ரப்பர் தோட்டம் என்பது நாவில் தேய்ந்து பங்சார் ஆயிற்று. பால்மரக் காட்டில் நம்மவர் சிந்திய வியர்வைக்கு முதலாளிகளின் பெயர் நிலைத்தது. பிரிக்பீல்ட்ஸ் கதை வேறு. 1881இல் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் வேண்டும் என்று ஆட்சியாளர்கள் முடிவு செய்தார்கள். செங்கல் சூளைகள் இங்கே எழுந்தன. 1886இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு பட்டறை வந்தது, பண்டகசாலை வந்தது, ரயில்வே குடியிருப்பு வந்தது. ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ், அதாவது நூறு வீடுகள் என்றால், இந்த அவையில் பாதிப் பேருக்கு ஒரு காலத்தில் முகவரியே அதுதான். அந்த நூறு என்ற எண்ணை மனத்தில் வையுங்கள், பிறகு அதற்குத் திரும்பி வருகிறேன்.

ரயில், மின்நிலையம், தோட்டம், சிறு தொழிற்சாலைகள். இந்த நான்கும் சேர்ந்தால் என்ன கிடைக்கும்? சம்பளத் தேதியில் வாழும் மக்கள் கிடைப்பார்கள். தமிழர், மலையாளி, இலங்கைத் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் ஒரே சங்கத்தில் சந்தா கட்டும் மக்கள். 1962 டிசம்பரில் தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தம் 22 நாட்கள் நீடித்தது. நாள்கூலிக்காரரை மாதச் சம்பளக்காரராக்கு என்பதுதான் கோரிக்கை. பங்சார் தொகுதி ஏன் தொழிற்சங்கத்தாரை நாடியது என்று கேட்பவருக்கு இந்த 22 நாட்களே விடை.

தேர்தல் கதையை 1952இலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்துக்கு முதல் தேர்தல் நடந்தது. நான்கு வட்டாரங்கள்: பங்சார், இம்பி, பெட்டாலிங், செந்தூல். வட்டாரத்துக்கு மூன்று பேர் வீதம் 12 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். மலாய்க்காரர் கட்சியான அம்னோவும் சீனர் கட்சியான மசீசவும் கைகோத்து 9 இடங்களைப் பிடித்தன. டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு 2, சுயேச்சைக்கு 1. பிற்காலத்தில் நாட்டை ஆண்ட கூட்டணியின் விதை அந்த நகராண்மைத் தேர்தலில்தான் விழுந்தது. அதே 1952இல் நம் பங்சார் வட்டாரம் இன்னொன்றையும் செய்தது. தேவகி கிருஷ்ணன் என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. மலாயாவில் மக்கள் வாக்கால் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். மகளிர் பிரிவுத் தலைவி அவர்களே, இதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முதல் பெண் உறுப்பினரை அனுப்பிய மண் இது.

1959இல் பங்சார் நாடாளுமன்றத் தொகுதியாகத் தேர்தலைச் சந்தித்தது. சோசலிஸ்ட் முன்னணியின் வி. டேவிட் வென்றார். தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர், சிறை கண்டவர். 1964இல் சிங்கப்பூரை ஆண்ட மக்கள் செயல் கட்சியின் தேவன் நாயர் டேவிட்டை வென்றார். கூட்டணியும் களத்தில் இருந்ததால் வாக்குகள் சிதறின. வித்தியாசம் ஆயிரத்துக்கும் குறைவு. அந்தத் தேர்தலில் தீபகற்பத்தில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த ஒரே நாடாளுமன்ற இடம் பங்சார்தான். 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. தேவன் நாயர் இங்கேயே இருந்து தம் தவணையை நிறைவு செய்தார். ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) பிறந்தது அந்த வேரிலிருந்துதான். பின்னாளில், 1981இல், அவர் சிங்கப்பூரின் அதிபரானார். 1969 மே 10ஆம் தேதி ஜசெகவின் கோ ஹாக் குவான் வென்றார். மூன்றாம் நாள், மே 13 அன்று, வெடித்த இனக் கலவரத்தை நாடறியும். 1971 பிப்ரவரி வரை நாடாளுமன்றமே கூடவில்லை. மூன்று தேர்தல், மூன்று வெவ்வேறு மனிதர், மூன்று முறையும் எதிரணி. பங்சாரின் குணம் அது. பழகிய முகம் என்பதற்காக யாருக்கும் வாக்கு போடாது.

இப்போது தொகுதி எப்படி மறைந்தது என்ற கதை. சட்டப் பிரிவுகளை வாசித்தால் கண் சொக்கும். ஆகையால் ஒரு பாட்டியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பேச்சுக்காக ஒரு பாட்டி. 1937இல் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு பங்சார் மின்நிலையத்தில் வேலை. பங்சார் சாலையோரம் வீடு. வாசலில் ஒரு முருங்கை, பின்புறம் ஒரு சாக்கடை.

1959. அப்போது வாக்களிக்கும் வயது 21. பாட்டிக்குச் சரியாக 22. அந்த ஆண்டு அவருக்காகப் பேச மூன்று மன்றங்களில் ஆள் உண்டு. நகராண்மைக் கழகத்தில் வட்டார உறுப்பினர், சிலாங்கூர் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர், மக்களவையில் ஓர் உறுப்பினர். சாக்கடை அடைத்துக்கொண்டால் பாட்டி யாரிடம் போவார்? நகராண்மை உறுப்பினரிடம் போவார். அந்த மனிதர் அதே வட்டாரத்தில் வாக்கு கேட்டு நடந்தவர், அடுத்த முறையும் நடக்க வேண்டியவர். சாக்கடைக்கு ஆள் வரும். நில விவகாரமா? சட்டமன்ற உறுப்பினர், ஏனென்றால் நிலம் மாநிலத்தின் கையில். பிள்ளையின் குடியுரிமைப் பத்திரமா? மக்களவை உறுப்பினர். மூன்று கதவுக்கும் சாவி பாட்டியின் முந்தானை முடிச்சில் இருந்தது.

1961. கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்படி நகராண்மைக் கழகம் போய், நியமிக்கப்பட்ட ஆணையர் வந்தார். ஒரு சாவி போயிற்று. சாக்கடை அங்கேயே இருக்கிறது, முறையிட வேண்டிய ஆளுக்குப் பாட்டியின் வாக்கு தேவையில்லை. 1964இலும் 1969இலும் பாட்டி இரண்டு வாக்குச்சீட்டு போட்டார். ஒன்று சட்டமன்றத்துக்கு, ஒன்று மக்களவைக்கு. 1974 பிப்ரவரி 1. கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து, சட்டமன்றம் இல்லாத கூட்டரசுப் பிரதேசமானது. அந்த ஆகஸ்டில் தேர்தல். வாக்குச் சாவடியில் பாட்டியின் கையில் ஒரே சீட்டு. அன்று மாலை பெட்டாலிங் ஜெயாவிலிருந்து தங்கை வந்திருக்கிறாள். "அக்கா, எனக்கு ரெண்டு சீட்டு குடுத்தாங்க. உனக்கு ஏன் ஒண்ணு?" அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. கூடத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. பெட்டாலிங் ஜெயா சிலாங்கூரிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்கும் இடையில் சில மைல் தூரம், நடுவில் ஒரு கோடு.

அதே 1974இல் பங்சார் என்ற தொகுதிப் பெயரும் போயிற்று. பாட்டி டாமன்சாராவின் வாக்காளர் ஆனார். 1978இல் அந்த டாமன்சாராவில் வென்றவர் யார் தெரியுமா? அதே வி. டேவிட். இடையில் 1969இல் பினாங்கு டத்தோ கிராமாட்டில் வென்றுவிட்டுத் திரும்பி வந்தார். 1986இல் பாட்டி லெம்பா பந்தாய் வாக்காளர். வீடு மாறவில்லை. முருங்கை வெட்டித் துளிர்த்து மறுபடி வெட்டித் துளிர்த்தது. தொகுதிதான் மூன்று பெயர் மாறியது. ஒரு முறையாவது பாட்டியை யாராவது கேட்டார்களா? கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்க வைக்க ஆள்தான் சேரவில்லை. ஊர் கூடவில்லை, தேர் நகரவில்லை.

உள்ளூராட்சித் தேர்தல்கள் 1965இல் நாடு முழுதும் நிறுத்தப்பட்டதையும், நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தல் தொடர வேண்டும் என்று 1968இல் பரிந்துரைத்ததையும் டத்தோ அவர்கள் நன்கறிவார்கள். அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்வோம். இன்று நம் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்ல வேண்டும்.

கடைசித் தொகுதி எல்லைச் சீரமைப்பை மக்களவை 2018 மார்ச்சில் ஏற்றது. ஒரு சீரமைப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 8 ஆண்டுகள் வேண்டும் என்பது அரசியலமைப்பு. அடுத்தது வரும்போது நாம் தூங்கக் கூடாது. அரசியலமைப்பின் பதின்மூன்றாம் அட்டவணையைப் படியுங்கள். தேர்தல் ஆணையம் தன் முன்மொழிவை அறிவித்துப் பார்வைக்கு வைக்கும். ஒரு மாதம் அவகாசம். அதற்குள் மூன்று தரப்பில் ஒருவர் ஆட்சேபித்தால் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். மாநில அரசு, ஊராட்சி மன்றம், அல்லது அந்தத் தொகுதியின் நடப்பு வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 100 பேர். கோலாலம்பூருக்கு மாநில அரசு இல்லை. மாநகர் மன்றத்தின் தலைவரும் நியமனத்தில் வருபவர். ஆக, மக்கள் தாங்களே திறக்கக்கூடிய கதவு ஒன்றுதான். 100 பேர். ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தால் போதும், பாட்டியின் பக்கம் நியாயம் கேட்கப்பட்டிருக்கும்.

எங்கே தவறு நடக்கிறது என்று சொல்கிறேன். 100 கையெழுத்து வாங்கி 100 என்று எழுதிக் கொடுப்பார்கள். அதில் சிலர் பக்கத்துத் தொகுதிக்காரர். சிலர் பூச்சோங்குக்கும் ரவாங்குக்கும் குடிபோய்ப் பதிவையும் மாற்றிக்கொண்டவர்கள். ஒருவர் இரண்டு தாளில் கையெழுத்திட்டிருப்பார். இன்னொருவர் அடையாள அட்டையில் உள்ள பெயரை விட்டுவிட்டு வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதியிருப்பார். நான்கு பெயர் விழுந்தால் எண்ணிக்கை 96. ஆட்சேபம் நிற்காது. ஆகையால் 130 பேருக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும். தேருக்கு வடம் பிடிப்பவர் எத்தனை பேரானாலும், திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுபவன் கணக்காகப் போட வேண்டும். தப்பினால் தேர் சுவரில் மோதும்.

இன்னொன்று. விசாரணைக்குப் போய் "எங்கள் கட்சி தோற்றுவிடும்" என்று பேசினால் காது கொடுக்க மாட்டார்கள். சட்டம் மதிக்கச் சொல்வது வட்டாரப் பிணைப்பை. எந்தப் பள்ளிக்கு எந்தத் தெருப் பிள்ளைகள் போகிறார்கள், எந்தச் சந்தையில் காய்கறி வாங்குகிறார்கள், திருவிழா ஊர்வலம் எந்தச் சாலையில் திரும்புகிறது, எந்த ஆற்றையும் தண்டவாளத்தையும் தாண்டி வாக்குச் சாவடிக்கு நடக்க வேண்டியிருக்கிறது. இவற்றைக் குழு அச்சிட்டுக் கொண்டுவந்த நிலப்படத்தில் குறித்து, மூன்று பேர் மட்டும் எழுந்து பேச வேண்டும். விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்றதும் இந்த வட்டாரம் திரண்டது நினைவிருக்கிறதா? கட்டடம் இன்றும் நிற்கிறது. ஊர் கூடித் தேர் இழுத்த நாள் அது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானால் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. ஏறுவது அடையாள அட்டையில் உள்ள முகவரிப்படி. நீ பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தும் அட்டையில் ஈப்போ முகவரி இருந்தால் உன் வாக்கு ஈப்போவில். முதலில் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்று. பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பம் செய். முதல் வேலையோடு நின்றுவிடுபவர்கள்தான் வாக்களிப்பு நாளில் திகைத்து நிற்கிறார்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பயனில்லை.

தெருப்பெயர்களைப் பற்றிச் சொல்ல நேரம் போதவில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். பொறுத்தருள வேண்டும்.

வாசலருகே மேசையில் தாள் வைத்திருக்கிறோம். முன்மொழிவு வெளிவந்த பிறகு போடும் கையெழுத்துதான் செல்லும். ஆகையால் இன்று பெயர் மட்டும் கேட்கிறோம். கைப்பேசியில் தேர்தல் ஆணையத்தின் பக்கத்தைத் திறந்து உங்கள் தொகுதியும் வாக்களிப்பு வட்டாரமும் எது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு இரண்டு தம்பிமார் மேசையருகே நிற்கிறார்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே பெயர், ஒரு வரிக்கு ஒருவர், நீல மையில். முன்வரிசை ஐயாமார்கள் முதலில் போகட்டும். நன்றி, வணக்கம்.