கடற்கரைச் சாலையும் காணாமல் போன மணலும்

நேயர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பீச் ரோடு. பலகையில் கூபேர் அவென்யூ என்று இருக்கும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் எதுவார் கூபேரின் பெயர் அது. தெற்கே டூப்ளே சிலையில் தொடங்கி வடக்கே தலைமைச் செயலகம் வரை போய் முடிகிற, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் சாலை. வேகமாக நடந்தால் இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடும். வேகமாக நடக்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இந்த ஒரு ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்று, உங்கள் ஊரில் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே குழந்தையின் கையை விட்டுவிடலாம். பாட்டி நடுச்சாலையில் நின்று மூச்சு வாங்கலாம். ஹாரன் ஓய்ந்த பிறகுதான் அலைச் சத்தமே காதில் விழுகிறது.

கிழக்கு பார்த்த கடற்கரை என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. வெயில் மேற்கே சாயச் சாய, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளைநகரத்துக் கட்டடங்களின் நிழல் சாலையில் விழுந்து கடலை நோக்கி நீளும். ஐந்து மணிக்கே தடுப்புச் சுவரில் சூடு குறைந்து உட்கார இடம் கிடைத்துவிடும். பௌர்ணமியன்று வந்தால் நிலா நேராகக் கடலிலிருந்தே எழும். சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கரை உலாவுவதற்காக உண்டானது அல்ல. இது இறங்குதுறை. அதுவும் துறைமுகம் இல்லாத இறங்குதுறை! கப்பல்கள் எல்லாம் கடலில் தள்ளியே நங்கூரம் போடும். அங்கிருந்து ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது சலங்கு என்ற படகில். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்தச் சலங்கு அடிக்கடி வரும். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர் பிள்ளை. 1736 முதல் 1761 வரை எழுதியிருக்கிறார். எந்தக் கப்பல் வந்தது, என்ன கடுதாசி வந்தது, மரியாதைக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு.

சலங்கில் என்ன விசேஷம் என்றால், ஆணியே இல்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆமாம், துணி தைப்பது மாதிரி தையல்தான். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு இந்தக் கரையில் மடங்கும் அலையில் மோதினால் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும், அலையோடு வந்து மணலில் ஏறிவிடும். எவ்வளவு பெரிய துரையாக இருந்தாலும் நம் கடலோர மக்கள் துடுப்புப் போட்டால்தான் புதுச்சேரி மண்ணில் கால் வைக்க முடியும். டூப்ளே சிலைக்குக் கீழே நிற்கும்போதெல்லாம் நான் அந்தத் துடுப்புக்காரர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு அங்கே சிலை இல்லை. ஒரு சிறிய பலகையாவது வைக்க வேண்டும் என்று கேட்டு வருகிறேன், இங்கேயும் கேட்கிறேன்.

சலங்கு மணலில் ஏறும் என்றேன் இல்லையா? அந்த மணலைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சாலையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது.

இன்று சுவருக்குக் கீழே எட்டிப் பார்த்தால் நெடுகக் கருங்கல். வெளியூரிலிருந்து வருபவர்கள் இது பாறைக் கடற்கரை என்றே நினைக்கிறார்கள். இல்லை. அங்கே மணல் இருந்தது. நாங்கள் சிறுவர்களாக ஓடி விளையாடிய மணல். அது எங்கே போனது?

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது. தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் அலை சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருடக் கணக்கில் பார்த்தால் போவது வடக்கேதான் அதிகம். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டி அலைதடுப்புகள் கட்டினார்கள். வாய்க்காலை நடுவில் அடைத்தால் மேல்மடையில் தேங்கும், கீழ்மடை காயும் அல்லவா? அதுதான் நடந்தது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். 2004 சுனாமியில் அந்தக் கல் நகரத்தைக் காத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கல் மணலைக் கொண்டுவராது. கல் போட்ட இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. அங்கேயும் கல், அதற்கும் வடக்கே அரிப்பு. இப்படியே பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் வரை போய், மீனவர்களின் வீடுகளைக் கடல் கொண்டது. படகை ஏற்றி வைக்க, வலையைக் காயப் போட, கரைவலை இழுக்க அவர்களுக்கு மணல் வேண்டும். மணல்தான் அவர்களுடைய களம்.

திரும்பவும் சொல்கிறேன், மணல் தொலைந்து போகவில்லை, தடுக்கப்பட்டது. வழி விட்டால் வரும். தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் ஓர் எஃகுத் திட்டை இறக்கினார்கள். துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த வடமுனையில் மணல் திரும்பியது. பிள்ளைகள் ஈர மணலில் கோபுரம் கட்டுகிறார்கள். பார்க்கும்போது எனக்கு உண்டாகிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் தூர்வாருவதை ஓர் ஆண்டோடு நிறுத்திவிடக் கூடாது. மணலை ஆண்டுதோறும் தெற்கிலிருந்து எடுத்து வடக்கே கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைப் பற்றியும், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 1836இல் முதன்முதலாக விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தை மட்டும் தவறவிடாதீர்கள், காந்தி சிலைக்கு எதிரிலேயே இருக்கிறது. தெற்கே, கடலுக்குள் நீண்டிருந்து 2022 மார்ச்சில் இடிந்து விழுந்த பழைய துறைப் பாலத்தின் மிச்சத்தையும் பாருங்கள்.

அப்புறம், மாசி மகத்தன்று வர முடிந்தால் வாருங்கள். சுற்றுவட்டாரத்துக் கோயில் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பம் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். அன்று கூட்டம் அதிகம், வண்டியைத் தூரமாகவே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். வணக்கம்.