ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறிவிட்டது, தேடினால் கிடைக்குமா?

[திரையில்: காலிகோ அட்டை, தங்க எழுத்து போட்ட ஆய்வேடு. மேலே ஒரு தேடல் பெட்டி.]

வணக்கம். பிஎச்டி முடிக்கிற எல்லாருக்கும் கடைசி மாதம் ஒரே மாதிரிதான் போகும். டிடிபி கடை, பிழை திருத்தம், பைண்டிங் கடை, நெறியாளர் கையெழுத்து, கட்டண ரசீது, அப்புறம் ஒரு சிடியில் பிடிஎஃப் போட்டு ஆபீஸில் கொடுத்துவிட்டு, அப்பாடா என்று நாகமலை புதுக்கோட்டை நிறுத்தத்தில் வந்து பஸ் ஏறுவது. அந்த சிடி எங்கே போகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அது போய்ச் சேருகிற இடத்தைப் பற்றியும், அங்கே போய் அது யார் கண்ணிலும் படாமல் கிடக்காதபடி நாம் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும்தான் இந்த வீடியோ.

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2009-இல் கொண்டுவந்த விதிமுறைப்படி, பிஎச்டி ஆய்வேட்டின் மின்பிரதி ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். 2016-இலும் 2022-இலும் விதிகளைப் புதுப்பித்தபோதும் இது தொடர்ந்தது. மின்பிரதி போய்ச் சேருகிற இடம் குஜராத்தில் காந்திநகரில் இருக்கிற இன்ஃப்ளிப்நெட் மையம். அவர்கள் நடத்துகிற, எல்லாருக்கும் திறந்த இணையக் களஞ்சியம்தான் ஷோத்கங்கா. நாடு முழுவதும் இருந்து 5 லட்சத்துக்கும் மேல் ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. நம் காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளும் இருக்கின்றன, அழகப்பா, காந்திகிராமம் எல்லாம் இருக்கின்றன. பணம் கட்ட வேண்டாம், உறுப்பினர் ஆக வேண்டாம், யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். வேளாண் கல்லூரிக்காரர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: உங்கள் துறை ஆய்வேடுகளுக்கு கிரிஷிகோஷ் என்று தனிக் களஞ்சியம் இருக்கிறது, அங்கேயும் பாருங்கள்.

[திரையில்: ஒரு ஆய்வேட்டின் பக்கம். கோப்புப் பெயர்கள் வரிசையாக.]

உள்ளே போனால் ஆய்வேடு ஒரே கோப்பாக இருக்காது, துண்டு துண்டாக இருக்கும். 01 என்றால் தலைப்புப் பக்கம், அப்புறம் முன்பக்கங்கள், பொருளடக்கம், இயல் வாரியாக ஒவ்வொரு கோப்பு. கடைசியில் 80 என்று எண் போட்ட ஒரு கோப்பு இருக்கும். எண் ஏன் திடீரென்று 80-க்குத் தாவுகிறது என்று குழம்ப வேண்டாம். தலைப்புப் பக்கத்தையும் முடிவுரையையும் சேர்த்து வைத்த கோப்பு அது, நான் எந்த ஆய்வேட்டிலும் முதலில் திறப்பதும் அதைத்தான். பக்கத்தின் மேலே ஹேண்டில் என்று ஒரு முகவரி இருக்கும், 10603 என்ற எண்ணில் தொடங்கும். நாளைக்கு இணையதளத்தின் முகவரியே மாறினாலும் இந்த ஹேண்டில் உங்கள் ஆய்வேட்டையே காட்டும் என்பதுதான் ஏற்பாடு. அதனால் மேற்கோள் காட்டும்போது பிரவுசரின் மேல்பட்டியில் இருப்பதை அப்படியே எடுக்காமல் ஹேண்டிலை எடுங்கள்.

சரி, இனிமேல்தான் விஷயம்.

ஏற்றுகிற வேலையைச் செய்கிறவர் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிற ஒருங்கிணைப்பாளரோ அவருக்குக் கீழே வேலை பார்க்கிற ஒரு தட்டச்சரோதான். அவர் மேசையில் ஒரு கட்டு சிடி இருக்கும். உங்கள் ஆய்வேடு எதைப் பற்றியது என்று படித்துப் பார்க்க அவருக்கு நேரமும் கிடையாது, அது அவர் வேலையும் இல்லை. தலைப்பு, பெயர், நெறியாளர், துறை, ஆண்டு, குறிச்சொற்கள், சுருக்கம் என்று படிவத்தில் இருக்கிற கட்டங்களை உங்கள் முதல் இரண்டு பக்கங்களைப் பார்த்து நிரப்பிவிட்டு அடுத்த சிடிக்குப் போய்விடுவார். கூகுள் ஸ்காலரோ ஷோத்கங்காவின் தேடல் பெட்டியோ உங்களைக் கண்டுபிடிக்க முதலில் பார்ப்பது அந்தக் கட்டங்களைத்தான்.

தமிழ் ஆய்வேடு என்றால் சிக்கல் இன்னும் கூடும். தலைப்பு பல சமயம் ஆங்கில எழுத்தில்தான் ஏறும், அதற்கு எழுத்துக்கூட்டல் ஆளுக்கொன்று. நாட்டுப்புறவியல் என்பதை எத்தனை விதமாக ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்று நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், ழகரம் வருகிற தலைப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒருவர் மதுரைச் சுங்குடியைப் பற்றி, சௌராஷ்டிரச் சமூகத்தின் முடிச்சுச் சாயத் தொழிலைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வேட்டின் தலைப்பு 'மரபுசார் கைத்தொழிலும் சமூக மாற்றமும்: ஓர் ஆய்வு'. சுங்குடி இல்லை, மதுரை இல்லை, சாயம் இல்லை. 2005-இல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி உள்ளே ஒரு முழு இயலே எழுதியிருந்தாலும், சுங்குடி என்று தேடுகிற ஆளுக்கு அது வராது.

ஆய்வேட்டைக் கொடுக்கிற கட்டத்தில் தலைப்பை மாற்ற முடியாது. ஆனால் குறிச்சொற்களும் சுருக்கமும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. ஒரு பக்கத்தில் தலைப்பைத் தமிழிலும், ஆங்கில மொழிபெயர்ப்பிலும், ஆங்கில எழுத்திலும் அடியுங்கள். அதன் கீழே ஏழெட்டுக் குறிச்சொற்களைப் போடுங்கள், ஊர்ப்பெயர், சமூகம், காலம், பொருள் என்று ஜனங்கள் தேடுகிற சொல்லாக இருக்க வேண்டும், 'ஆய்வு', 'சமூகம்', 'மாற்றம்' எல்லாம் வேண்டாம், அவை எல்லா ஆய்வேட்டிலும் இருப்பவை. சுருக்கத்தை இரண்டு மொழியிலும் வைத்து, இதை வேர்ட் கோப்பாகவே சிடியில் சேர்த்துக் கொடுங்கள். அந்தத் தட்டச்சர் உங்களை வாழ்த்துவார், அவருக்கு நகலெடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது.

[திரையில்: பாமினி எழுத்துருவில் 'தமிழ்'. பக்கத்தில் அதே சொல் ஒரு நோட்பேடில் ஒட்டப்படுகிறது.]

அடுத்தது எழுத்துரு. இதைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். டிடிபி கடையில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்து வாங்கிய ஆய்வேட்டைத் திறந்து, 'தமிழ்' என்ற சொல்லை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பாமினியாக இருந்தால் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி வரும். உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. முந்நூறு பக்க ஆய்வேடு முழுவதும் அப்படித்தான். யார் என்ன தேடினாலும் உள்ளே இருக்கிற ஒரு வரியும் அகப்படாது. தமிழைக் கணினி தமிழாகவே படிக்கிற எழுத்துமுறை யூனிகோடு. தமிழக அரசே 2010-இல் அதைத் தரமாக அறிவித்துவிட்டது, கடைக்காரர்கள் மட்டும் இன்னும் பழைய விசைப்பலகையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லியும் பயனில்லை, கை பழகிவிட்டது.

இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. ஆய்வேட்டைப் பொதுவில் போட்டால் திருடிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். திருட வேண்டும் என்று நினைப்பவருக்கு வசதியான ஆய்வேடு, துறை பீரோவில் பூட்டிக் கிடக்கிற ஒற்றைப் பிரதிதான், ஒப்பிட்டுப் பார்க்க யாரிடமும் வேறு பிரதி இருக்காது. களஞ்சியத்தில் தேதியோடு ஏறிய ஆய்வேட்டைத் திருத்துறைப்பூண்டியில் ஒருவர் தன் பெயரில் கொடுத்தால் ஒப்புமை பார்க்கிற மென்பொருள் பிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. யுஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினாலே திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் உங்களுடையது பாமினியில் இருந்து, அவர் அதையே உட்கார்ந்து யூனிகோடில் திரும்ப அடித்துக் கொடுத்தால்? மென்பொருளுக்கு இரண்டும் ஒன்று என்று தெரியவே தெரியாது. திருட்டுக்குப் பயந்தால் முதலில் செய்ய வேண்டியது எழுத்துருவை மாற்றுவது.

இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறவர்கள் இன்றைக்கே யூனிகோடுக்கு மாறுங்கள். எழுதி முடித்தவர்களுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும், நடுவில் ஆங்கிலச் சொற்கள் இருந்த இடமெல்லாம் உளறலாக மாறியிருக்கும். யூனிகோடில் அடித்த பிடிஎஃப்-இலும் சில சமயம் கொம்பும் காலும் இடம் மாறி விழும், அதனால் கொடுப்பதற்கு முன்னால் நாலைந்து பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரி எடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். அப்புறம் ஒன்று, கையெழுத்துப் போட்ட பக்கம் வேண்டும் என்பதற்காக மொத்த ஆய்வேட்டையும் அச்சடித்து, மறுபடி ஸ்கேன் செய்து படமாகக் கொடுக்கிறவர்கள் உண்டு. ஸ்கேன் செய்ய வேண்டியது சான்றிதழ்ப் பக்கம் ஒன்றை மட்டும்தான், மீதி வேர்டில் இருந்து நேராக வரட்டும்.

[திரையில்: பின்னிணைப்பு. 'தகவலாளர் பட்டியல்' என்ற தலைப்பு. பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன.]

இப்போது பின்னிணைப்பு. கள ஆய்வு செய்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் தகவலாளர் பட்டியல் போடுவோம். பெயர், வயது, சாதி, தொழில், ஊர், சில பேர் செல்பேசி எண்ணையும் போட்டுவிடுவார்கள். அச்சுப் பிரதி மூன்றோ நாலோ இருந்த காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அது உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பாட்டி, கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பதில் வந்த சண்டையைப் பற்றி, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே உங்களிடம் மனம் விட்டுப் பேசுகிறார். நீங்கள் அதை மூன்றாம் இயலில் வார்த்தை மாறாமல் போடுகிறீர்கள், பின்னிணைப்பில் 14-ஆம் எண்ணில் அவர் பெயர், சாதி, தெரு. பத்து வருஷம் கழித்து அந்தக் கோயில் வழக்கில் எதிர்த்தரப்புப் பையன் ஊர்ப்பெயரைத் தட்டிப் பார்த்தால் நேராக அங்கே வந்து நிற்பான். பாட்டிக்கு ஷோத்கங்கா என்றால் என்ன என்றே தெரியாது, அவர் சம்மதித்தது உங்களிடம் பேசத்தான்.

அதனால் பட்டியலில் பெயருக்குப் பதில் குறியீடு போடலாமா, எண்ணையும் தெருவையும் எடுத்துவிடலாமா என்று நெறியாளரிடம் பேசி, தேர்வாளருக்குப் போகிற பிரதியில் முழுப் பட்டியல், களஞ்சியத்துக்குப் போகிற பிரதியில் சுருக்கிய பட்டியல் என்று வைக்க முடியுமா என்று கேளுங்கள். பாட்டும் கதையும் சொன்னவர் தன் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் தாராளமாகப் போடுங்கள், அது அவர் புகழ். கேட்டுவிட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

உரிமை பற்றி சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வேட்டைக் களஞ்சியத்தில் போட்டதால் எழுத்துரிமை போய்விடாது, அதைப் புத்தகமாகப் போடலாம், கட்டுரையாக உடைத்து ஆய்விதழுக்கு அனுப்பலாம். தமிழில் ஆய்வேட்டை யாரும் அப்படியே புத்தகமாகப் போடுவதும் இல்லை, எப்படியும் திருத்தி எழுதித்தான் ஆக வேண்டும். கவனிக்க வேண்டியது, பட்டம் வாங்கிய சில மாதத்தில் வெளிநாட்டுப் பதிப்பகம் என்று சொல்லிக்கொண்டு வருகிற ஈமெயில். உங்கள் ஆய்வேட்டை இலவசமாகப் புத்தகமாக்குகிறோம் என்பார்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் முழு உரிமையும் அவர்களிடம் போய்விடும், ராயல்டி வரும் என்று காத்திருக்கலாம், காத்துக்கொண்டேதான் இருக்கலாம்.

அறிவியல், பொறியியல் பக்கம் காப்புரிமைக்கு வாய்ப்பு இருந்தால் வரிசை முக்கியம். ஆய்வேடு பொதுவில் வந்துவிட்டால் அது புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்றாகிவிடும். முதலில் தற்காலிக விண்ணப்பமாவது போடுங்கள், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் கிடைக்கும். அதுவரை ஆய்வேட்டை நிறுத்தி வைக்க நூலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

எம்ஃபில் முடித்தவர்கள் கேட்பீர்கள். 2022 விதியோடு எம்ஃபில் படிப்பே நின்றுவிட்டது, ஆனால் அதற்கு முன்னால் எழுதிய ஆய்வேடுகள் நம் கல்லூரிகளின் துறை பீரோக்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. உள்ளூர்ச் செய்தி அதிகம் இருப்பது அவற்றில்தான் என்பது என் அபிப்பிராயம், ஒரு கண்மாயை, ஒரு வாரச்சந்தையை, ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு எழுதியவை. ஷோத்கங்கா பெரும்பாலும் பிஎச்டிக்கான இடம். உங்கள் கல்லூரியில் சொந்தக் களஞ்சியம் இருந்தால் அங்கே கொடுங்கள், களஞ்சியம் நடத்த உதவுகிற டீஸ்பேஸ் இலவச மென்பொருள்தான், ஷோத்கங்காவே அதில்தான் ஓடுகிறது. அதுவும் இல்லையென்றால் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துகிற ஸெனோடோ என்ற களஞ்சியத்தில் நீங்களே கணக்குத் திறந்து ஏற்றலாம், காசு கிடையாது, ஹேண்டில் மாதிரியே மாறாத முகவரியான டிஓஐ எண்ணும் கிடைக்கும்.

இவ்வளவு மெனக்கெட்டு யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டால், மத்திய அரசு ஒரே நாடு ஒரே சந்தா என்று மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, அரசு கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. மேலூரில் ஓய்வு பெற்று, பெரியாறு பாசனத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிற ஒரு ஆசிரியருக்கு அந்தச் சந்தா வராது. அவர் படிக்கக் கிடைப்பது நீங்கள் திறந்துவைத்த ஆய்வேடுதான், அதுவும் 'பெரியாறு' என்று தமிழில் தேடினால் வந்தால்.

[திரையில்: ஆர்கிட் பக்கம்.]

பட்டம் வாங்கி ஒரு சில மாதம் கழித்து ஷோத்கங்காவில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர், தலைப்பு, நெறியாளர், ஆண்டு எல்லாம் சரியா, இயல் கோப்பு ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்த்து, பிழை இருந்தால் ஹேண்டில் எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு ஈமெயில் போடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்த ஹேண்டிலை உங்கள் ஆர்கிட் பக்கத்தில், அதாவது ஆய்வாளர்களுக்கான அடையாள எண் தருகிற தளத்தில் உங்களுக்கு இருக்கிற பக்கத்தில், ஒட்டிவிடுங்கள். பாமினிக் கோப்பை மாற்றுவதைத் திரையில் செய்தே காட்டச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள், அது அடுத்த வீடியோ. அதற்குள் உங்கள் ஆய்வேட்டின் வேர்ட் கோப்பு யார் கணினியில் இருக்கிறது என்று மட்டும் டிடிபி கடையில் போய்க் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.