ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(பெங்களூரு மர்பி டவுனில், சபை ஆண்டு விழாவில் பேசியது)

மதிப்புக்குரிய ஆயர் ஐயா அவர்களே, முழங்கால் வலியோடும் கைத்தடி ஊன்றி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூப்பர் ஐயா அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மா அவர்களே, லிங்கராஜபுரத்திலிருந்து வந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, விடிகாலையிலிருந்து வாசலில் பிரியாணி அண்டாவோடு மல்லுக்கட்டும் சகோதரர்களே, வாலிபப் பிள்ளைகளே, அனைவருக்கும் தோத்திரம். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன ஆண்டு செயலாளரை விட்டுவிட்டேன். ஈஸ்டர் வரைக்கும் அவர் என்னோடு பேசவில்லை.

நம் சிறிய ஐக்கியம் எந்த ஊழியத்தைக் கையில் எடுப்பது என்று பேசச் சொன்னார்கள். மூன்று காரியம் சொல்லப் போகிறேன். ஒன்று, யாரைக் கேட்பது. இரண்டு, நம்மிடம் என்ன இருக்கிறது. மூன்று, எடுத்த வேலையை எப்போது நிறுத்துவது. எங்கள் அம்மா அடிக்கடி சொல்வார், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று. நாம் 22 பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சந்தா, அதிலும் பாக்கி உண்டு. பொருளாளர் தலையாட்டுகிறார் பாருங்கள்.

போன டிசம்பரில் சிவாஜி நகரில் பேரம் பேசி 60 கம்பளி வாங்கினோம், ஒன்று 280 ரூபாய். டெம்போ, கிட்டார், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீதபவனி எல்லாம் சேர்த்து ஒரு சந்துக்குள் போனோம். கடைசி வீட்டில் ஒரு பாட்டி. கம்பளியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பிள்ளைகள் போனைத் தூக்கி, "பாட்டி, சிரிங்க" என்றார்கள். சிரித்தார். அப்புறம் என்னை உள்ளே கூப்பிட்டார். பரணில் பார்த்தால் மூன்று கம்பளி, மடிப்புக் கலையவில்லை. அதில் ஒன்று நாமே அதற்கு முந்தின ஆண்டு கொடுத்தது! ஓரத்தில் நம் சபை பெயர் தைத்திருக்கிறது.

"தம்பி, கம்பளிக்கு எனக்குக் குறைச்சல் இல்ல. நீ கன்னடம் படிப்பியா?" என்று கேட்டு, பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். ஆகஸ்டில் வந்ததாம். மளிகைக்கடைக்காரர் கரண்டு பில் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் மகன் அப்புறம் பார்க்கிறேன் என்றானாம். நான் இந்த ஊரில் பிறந்து 58 வருடம் ஆகிறது. பஸ் போர்டைத் தாண்டி எனக்குக் கன்னடம் ஓடாது. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடி சரியில்லை என்று ஒரு பொய் சொன்னேன். ஆயர் ஐயா மன்னிக்க வேண்டும். பின்னால் நின்ற நம் பாடகர் குழுப் பெண், ஒன்பதாவது படிக்கிறவள், வாங்கி அரை நிமிடத்தில் வாசித்துவிட்டாள். முதியோருக்கு அரசாங்கம் தரும் சந்தியா சுரக்ஷா பென்ஷன், மாதம் 1,200 ரூபாய். வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்தால்தான் பணம் வரும் என்று எழுதியிருந்தது. நாலு மாதம் வரவில்லை. 4,800 ரூபாய். நாம் கொடுத்த கம்பளி 280.

அளந்து போடு என்று அம்மா சொன்னது கஞ்சத்தனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

எருசலேம் சபையிலும் இதே கதைதான். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிரேக்கு பேசுகிற விதவைகளுக்கு அன்றாடப் பங்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள்.

வெள்ளைக்காரரின் ராணுவக் குடியிருப்பான கண்டோன்மென்ட் இந்த ஊருக்கு 1809-இல் வந்தது. மதராஸ் பட்டாளத்தோடு தமிழர் வந்து இறங்கி 200 வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் ஒரு கடிதம் வாசிக்க ஆள் தேடுகிறோம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பள்ளியில் அவர்கள் கன்னடம் படித்தே தீர வேண்டும். யாரைக் கேட்பது என்பதற்கு அந்தப் பாட்டி பதில், நம்மிடம் என்ன இருக்கிறது என்பதற்கு இந்தப் பிள்ளைகள் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நான் கேட்பது ஒரு மேசை. சனிக்கிழமை நாலு மணிக்கு, சபை வாசலில், மனு எழுதித் தரும் மேசை. ஆதார் திருத்தம், ரேஷன் கார்டு, பென்ஷன், குடும்பத் தலைவிக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் கிருகலட்சுமியின் 2,000 ரூபாய். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் 18-லிருந்து 60 வயதுக்குள் இருந்து, கடந்த 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்ததைக் காட்டினால் நல வாரியத்தில் பதியலாம். நம் தெருவில் எத்தனை கொத்தனார் பதிந்திருக்கிறார்கள்? நான் விசாரித்த ஐந்து பேரில் ஒருவர்கூட இல்லை. காசு வாங்கக் கூடாது. "ஜெபக்கூட்டத்துக்கும் வாங்க" என்று கூடவே சொல்லவும் கூடாது. சில சகோதரர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். அந்தக் கொத்தனார் அரசாங்கப் பணத்துக்கு நம்மிடம் கடன்பட வேண்டாம்.

செலவு? பேனா, வெள்ளைத்தாள், ஜெராக்ஸ். இந்த வருடம் கம்பளி வேண்டாம் என்று சொன்னால் மாதர் சங்கத்தில் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பாதியாவது குறையுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 1,500 ரூபாய்க்கு எடுக்கிற சபை நம் சபை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

மணி அடித்துவிட்டார்கள். மூன்றாவது காரியம் அடுத்த ஆண்டுக்கு. டீ டிரம் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். இதுவரை மூன்று பெயர். அதில் ஒன்று என்னுடையது. நான் மேசை தூக்க வருகிறேன்.