பூனையைத் துரத்தியது எது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கில வாக்கியத்தில் வினை எது, செயப்படுபொருள் எது என்று கண்டுபிடிப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளும், அவர்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இலக்கணப் பெயர்களை மனப்பாடம் செய்வதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நம் தமிழிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

'நாய் பூனையைத் துரத்தியது.' இதை 'பூனையை நாய் துரத்தியது' என்று மாற்றினாலும் ஓடுவது பூனைதான். 'பூனையை' என்பதில் ஒட்டியிருக்கும் 'ஐ' உருபு, அந்தச் சொல் எங்கே போனாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் 'தி டாக் சேஸ்ட் தி கேட்' என்பதைத் திருப்பிப்போட்டால், பூனை நாயைத் துரத்த ஆரம்பித்துவிடும். அங்கே சொல் நிற்கும் இடம்தான் உருபு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை பெரும்பாலும் தேய்ந்துபோய், இன்று செயப்படுபொருளுக்கென்று தனி வடிவம் 'மீ', 'ஹிம்', 'தெம்' போன்ற சில சொற்களில்தான் மிச்சம் இருக்கிறது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வினையைப் பிடியுங்கள். நம் பிள்ளைகள் அதை வாக்கியத்தின் கடைசியில் தேடுவார்கள். தமிழ்ப் பழக்கம் அப்படி. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் எழுவாயை அடுத்தே வரும். 'மீனா இஸ் கட்டிங் எ மேங்கோ.' இதில் 'இஸ்' துணைவினை; செயலைச் சொல்வது 'கட்டிங்'. அப்புறம் 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேளுங்கள். எதை வெட்டுகிறாள்? மாம்பழத்தை. அதுதான் செயப்படுபொருள். 'மீனா ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் 'எதை ஓடுகிறாள்?' என்ற கேள்விக்கே இடமில்லை. 'ஃபாஸ்ட்' என்பது எப்படி ஓடுகிறாள் என்பதற்கான பதில்.

'ஹி பிகேம் எ டாக்டர்' என்ற வாக்கியத்தில் பலர் ஏமாறுவார்கள். என்ன ஆனார் என்று கேட்டால் 'டாக்டர்' என்று பதில் வரும். ஆனால் அவரும் டாக்டரும் ஒரே ஆள். அங்கே செயலுக்கு உள்ளாகும் வேறொருவர் இல்லை. 'ஹி மெட் எ டாக்டர்' என்றால் இரண்டு ஆட்கள். 'டாக்டரைச் சந்தித்தார்' என்கிறோம், 'டாக்டரை ஆனார்' என்று யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் 'ஐ' உருபை மட்டும் நம்பிவிட முடியாது. 'எனக்குத் தமிழ் தெரியும்', 'சென்னைக்குப் போய்ச் சேர்ந்தேன்', 'அவரோடு கல்யாணம் ஆனது' ஆகிய எதிலும் 'ஐ' உருபு இல்லை. ஆங்கிலத்தில் 'ஐ நோ தமிழ்', 'ஐ ரீச்ட் சென்னை', 'ஷி மேரீட் ஹிம்' என மூன்றிலும் செயப்படுபொருள் வினையை ஒட்டியே நிற்கிறது. 'ரீச்ட் டு சென்னை', 'மேரீட் வித் ஹிம்' என்றெல்லாம் நம்மவர்கள் எழுதுவது தமிழ் உருபைக் கையோடு கொண்டுபோவதால்தான். பிள்ளைகள் அப்படி எழுதினால் தயவுசெய்து திட்டாதீர்கள். அவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

நாம் 'உடைந்தது', 'உடைத்தான்' என்று வினையையே மாற்றிச் சொல்கிறோம். ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் 'ப்ரோக்' ஒன்றே போதும். 'தி கிளாஸ் ப்ரோக்' என்பதில் செயப்படுபொருள் இல்லை. 'ஹி ப்ரோக் தி கிளாஸ்' என்பதில் உண்டு. அகராதியைத் திறந்தால் செயப்படுபொருள் குன்றிய வினை (செயப்படுபொருளை ஏற்காதது), குன்றா வினை (அதை ஏற்பது) இரண்டுக்கும் உரிய குறிகள் அந்தச் சொல்லுக்குப் போட்டிருக்கும். எந்த இடத்தில் எது என்பதை வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நன்றி, வணக்கம்.