கண்கட்டை அவிழ்த்துவிட்டு அனுப்புகிறோம்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சித்திரை வெயிலையும் பொருட்படுத்தாமல் மயிலாப்பூர் வரை வந்து இந்த அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். "கோடை விடுமுறையில் இளையோரை ஆளாக்குவது வகுப்பறைப் பயிற்சியா, திறந்தவெளி முகாமா?" என்பது இன்றைய கேள்வி. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சென்னைப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியனாக இருக்கும் நான், வகுப்பறையில் சம்பளம் வாங்கிக்கொண்டே, முகாம்தான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அம்மையார் சற்று முன், "நீட் தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளையை மலைக்கும் கடலுக்கும் அனுப்புவது, கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதற்குச் சமம்" என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், நல்ல தமிழுக்குத் தட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் அம்மா, காட்டில் விடுவது என்னவோ உண்மைதான். கண்கட்டை அவிழ்த்துவிட்டு விடுகிறோம்.

இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் பார்வையை ஒப்பிட்டது. கிட்டப்பார்வைக் குறை சிங்கப்பூரில் 29 விழுக்காட்டினருக்கு இருந்தது, சிட்னியில் 3.3 விழுக்காடுதான். சிட்னிக் குழந்தைகள் வாரத்தில் ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்க் குழந்தைகள் 3 மணி நேரம். எதிரணி கவனிக்க வேண்டியது இனிமேல்தான்: வாரத்துக்கு அதிகமான புத்தகங்களைப் படித்தவர்களும் சிட்னிக் குழந்தைகளே. வெளியே போனால் படிப்புக் கெட்டுவிடும் என்ற கணக்கு அங்கேயே உதைக்கிறது.

கண்ணாடி போட்டால் எழுத்துத் தெரிந்துவிடும். எதிரில் நிற்பவர் மனம் தெரிய எந்தக் கடையிலும் கண்ணாடி இல்லை. 2014-இல் கலிஃபோர்னியாவில், ஆறாம் வகுப்பு மாணவர் 51 பேரைக் கைபேசியும் தொலைக்காட்சியும் இல்லாத இயற்கை முகாமில் ஐந்து நாள் தங்க வைத்து, அதே பள்ளியில் வழக்கம்போல் இருந்த 54 பேரோடு ஒப்பிட்டார்கள். பிறர் முகத்தையும் உடல்மொழியையும் கொண்டு உணர்வைக் கண்டுகொள்ளும் தேர்வில், முகாமுக்குப் போனவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், உலகத்துக்கே தீர்ப்பாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் நான்கு திரைகளைப் பார்த்தபடி உண்ணும் நம் வீடுகளில், ஐந்தே நாளில் இவ்வளவு என்பது சிறிய செய்தியா?

ஆளாக்குதல் என்று தலைப்பிலேயே ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லில்தான் எங்கள் வழக்கு நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை அட்லாண்டிக்கில் மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில் உடல்வலு மிக்க இளம் மாலுமிகள் முதலில் மனம் தளர்ந்து மடிவதையும், பாய்மரக் கப்பலில் அடிபட்டுத் தேறிய மூத்தவர்கள் தாக்குப்பிடிப்பதையும் கண்டு, கப்பல் நிறுவன முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் கலங்கினார். நாஜிகளை எதிர்த்துப் பேசி நாட்டைவிட்டு வெளியேறிய ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான், அவருடன் சேர்ந்து 1941-இல் வேல்ஸின் அபர்டோவியில் ஒரு மாதப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் இயங்கும் 'அவுட்வர்ட் பவுண்ட்' பிறந்த கதை இது. அந்த இளைஞர்களுக்கு உடம்பில் தெம்பு இருந்தது; இடர் வந்தால் தன்னால் தாங்க முடியும், தன்னை நம்பி இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்ற அனுபவம்தான் இல்லை. அதைக் கரும்பலகையில் எழுதிப் போட முடியாதே!

வகுப்பறையில் ஒருவன் தவறினால் நட்டம் அவனுக்கு மட்டும்; அதுவும் இரண்டு வாரம் கழித்து, விடைத்தாளில் சிவப்பு மையாக வரும். முகாமில் அன்றைக்கே, அத்தனை பேர் வயிற்றிலும் தெரியும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்காக, பதினோராம் வகுப்பு மாணவர்களைத் திருவள்ளூர் மாவட்டக் கிராமம் ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். விறகுக்குப் பொறுப்பான பையன் இரவில் தார்ப்பாய் போட மறந்தான், மழை பெய்தது. மறுநாள் அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. ஐம்பது பேருக்கான பகல் சோறு மூன்றரை மணிக்கு வந்தது. நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. கண் எரிய ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்த சமையல்காரம்மாவும் திட்டவில்லை. அன்று இரவு இரண்டு மணிக்கு இடி இடித்தது. விழித்துப் பார்த்தேன், அவன் பாய் காலியாக இருந்தது. வெளியே, தார்ப்பாயின் நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் தண்ணீர்க் குவளையைக்கூட எடுத்து வைக்காத பிள்ளை என்று அவன் தாயார் பெற்றோர் கூட்டத்தில் முறையிட்ட அதே பையன்!

முகாம் பணக்காரர் வீட்டுப் பொழுதுபோக்கு என்றார் எதிரணியின் இளைய நண்பர். குளிரூட்டிய அறைக்குள் அபாகஸும் ரோபோவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, வாசலில் 'கோடை முகாம்' என்று பலகை மாட்டிப் பல்லாயிரம் ரூபாய் வாங்குகிறவர்களைச் சொல்கிறார் என்றால், அவரோடு சேர்ந்து நானும் கண்டிக்கிறேன். அவை எங்கள் கட்சியே அல்ல, வேடம் மாறிய வகுப்பறைகள். 1907-இல், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் கூட்டிய முகாமில், பெயர்பெற்ற தனியார் பள்ளி மாணவர்களும் உழைப்பாளி வீட்டுச் சிறுவர்களுமாகச் சுமார் இருபது பேரைக் கலந்து, கூடாரங்களில் ஒன்றாகப் படுக்க வைத்தார். நம் நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இலிருந்து அரசுச் செலவில் நடக்கிறது. கிண்டியில் தேசியப் பூங்கா, பள்ளிக்கரணையில் சதுப்புநிலம் என்று மாநகரப் பேருந்துக் கட்டணத்தில் எட்டுகிற வெளிகள் நமக்கு இருக்கின்றன.

பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மாண்டவர்களில் நம் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அதன் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024-இல் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு நடக்கச் செய்த அரசு, காட்டுத்தீக் காலத்தில் அவற்றை மூடியும் வைக்கிறது. அனுமதி உண்டா, வழிகாட்டி யார், முதலுதவி தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்காமல் எந்தப் பெற்றோரும் அனுப்ப வேண்டாம். கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கடைசியாக அம்மையார், "இதற்கெல்லாம் எத்தனை மதிப்பெண்?" என்று கேட்டார். நம் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் முன்நின்று, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, பங்குனி ஆமை முட்டைகளைத் தேடிக் காத்து வருகிறார்கள். மார்ச் மாத இறுதியில் ஓர் இரவு, என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சிலரும் பெற்றோர் சம்மதத்தோடு உடன் நடந்தார்கள். அலையிலிருந்து மேலேறி மீண்டும் அலைக்கே திரும்பிய தடத்தை முதலில் கண்டவள் ஒரு மாணவி. அனுமதி பெற்ற தன்னார்வலர்கள் முட்டைகளை எடுத்துப் பையில் வைக்க, அவள் எண்ணினாள்: 112. பொரிப்பகத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு, கழுத்து ஒடுங்கி அடி அகன்ற குடம்போல் குழி வேண்டும் என்றார்கள். மணலில் குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டுத் தோண்டினாள். நகக்கண்ணில் ஏறிய மணலோடு விடியலில் வீடு திரும்பினாள்.

மே மாதம், முட்டைகளைப் புதைத்த நாற்பத்தெட்டாம் நாள் காலையில் எனக்குத் தொலைபேசி வந்தது. "எத்தனை வெளியே வந்தன, சார்?" தொண்ணூற்றொன்று என்றேன். நொடி நேரம் பேச்சில்லை. "மீதி இருபத்தொன்று என்ன ஆயின?" என்றாள். குழியைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அன்று மாலை, தன் தந்தையையும் இழுத்துக்கொண்டு, பொரிப்பக வேலியருகே எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.