அடியில் இருக்கும் பெயரை நம்பலாமா?

வணக்கம். இன்றைக்கு இந்த ஒரு பூச்சாடியைப் பற்றி மட்டும் பேசலாம். வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புகிறேன், பாருங்கள். மயில்கழுத்து மாதிரி நிறம் மாறுகிறது இல்லையா? கண்ணாடி சூடாக இருக்கும்போதே உலோக உப்பின் ஆவியைப் படியவிட்டு வரவழைத்த மினுக்கம் இது. பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், 1900 வாக்கில் செய்தது.

யாரிடம் காட்டினாலும் உடனே ‘லோட்ஸ்’ என்கிறார்கள். காரணம் இருக்கிறது. 1879 முதல் மாக்ஸ் ஃபான் ஸ்பௌன் நடத்திய அந்த பொஹீமியக் கண்ணாடிப் பட்டறை, 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் உயர்ந்த பரிசான கிராண்ட் ப்ரீ வாங்கியது. ஆனால் அதே காலத்தில் கிராலிக், பால்மே-கோனிக், ரிண்ட்ஸ்கோப் என்று வேறு பட்டறைகளும் பொஹீமியாவில் இதே மினுக்கத்தோடு ஊதிக்கொண்டிருந்தன. அவர்களுடைய உழைப்பும் லோட்ஸ் கணக்கில் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, அடியைப் பார்ப்போம். ‘லோட்ஸ் ஆஸ்திரியா’ என்று கீறியிருக்கிறது (அப்போது பொஹீமியா ஆஸ்திரியப் பேரரசில்தான் இருந்தது). இதைப் பார்த்துத்தான் வாங்கினேன். இப்போது லென்ஸை வைக்கிறேன். நூறு வருடம் மேசையில் உரசிய கீறல்கள் தெரிகின்றனவா? எழுத்து அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு போகிறது. அப்படியென்றால் தேய்மானம் முதலில், எழுத்து பிறகு. பெயர் பொறித்தவை பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போனவைதான். அசல் லோட்ஸ் சாடிகளில் பெரும்பகுதிக்குப் பெயரே கிடையாது. அதனால்தான் யாரோ பின்னாளில் பெயரைக் கீறி ‘உதவி’ செய்திருக்கிறார்கள்.

அப்புறம் எதை வைத்துச் சொல்வது? லோட்ஸ் பட்டறையில் ஒவ்வொரு வடிவத்தையும் காகிதத்தில் எடுத்து எண் போட்டு வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவை தப்பிப் பிழைத்து, 1989-இல் புத்தகமாகவும் வந்தன. இரண்டு இரவு உட்கார்ந்து புரட்டினேன். இந்த இடுப்பும் இந்த வாயும் சேர்ந்த வடிவம் அதில் இல்லை.

வடிவம் மட்டும் போதாது, விரலால் தடவியும் பார்க்க வேண்டும். லோட்ஸின் ஃபெனோமென் வகையில் கண்ணாடி இழையைச் சுற்றி, கொக்கியால் இழுத்து அலையாக்கி, உடலோடு உடலாக அமுக்கிவிடுவார்கள், தடவினால் வழவழப்பு. இதில் இழைகள் புறங்கை நரம்பு போலப் புடைத்து நிற்கின்றன. பார்த்ததும் பால்மே-கோனிக் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கிராலிக்கும் இப்படி இழை ஓட்டியிருக்கிறார்கள்.

அதனால் சீட்டில் ‘லோட்ஸ்’ என்பதை அடித்துவிட்டு, ‘பால்மே-கோனிக் அல்லது கிராலிக்’ என்று பென்சிலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்களிடம் இதே வடிவம் இருந்தால் அடிப்பகுதியையும் வாயையும் படம் எடுத்துக் காட்டுங்கள்.