மேளம் வைத்த பெயர்: டாங்டுட்

சபையோருக்கு வணக்கம். இந்தோனேசியாவின் டாங்டுட் இசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாடகியின் இடுப்பில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார்கள். நாம் தோலிலிருந்து தொடங்குவோம். மேளத்தின் தோலைச் சொல்கிறேன்.

டாங்டுட்டின் மேளம் கெண்டாங். இது இரண்டு சிறு மேளங்களின் சோடி. ஜாவாவில் கெதிபுங் என்பார்கள். தபலாவைப் பார்த்துப் பிறந்தது. ஆனால் தபலாவின் கறுப்புச் சாந்து இதில் இல்லை. சிறிய மேளம் சுருதி ஏறி 'டாங்' என்னும். பெரியதில் அடித்த கையோடு உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோலில் அழுத்தித் தள்ள வேண்டும். தோல் இறுக இறுக நாதம் கீழிருந்து மேலே வழுக்கும். அதுதான் 'டுட்'. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் கும்கி என்னும் வழுக்கு நாதம் கேட்ட காதுக்கு இது அந்நியமல்ல. நான்காவது எண்ணிக்கையில் டாங், அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கையில் டுட். சொல்லின் முதல் பாதி ஒரு சுற்றில், மறுபாதி அடுத்த சுற்றில். அந்தத் தாவலில்தான் உடம்பு தானாகச் சாய்கிறது.

கெடுவதும் இங்கேதான். ஈரக்காற்றில் தோல் தளர்ந்தால், எவ்வளவு அழுத்தினாலும் நாதம் ஏறாது. 'தொப்' என்று விழும். மிதமிஞ்சி இறுக்கினால் வழுக்க இடமிருக்காது. ஒலிபெருக்கிக்காரர் உற்சாகத்தில் கீழ்ச்சுருதியின் சத்தத்தைக் கூட்டிவிட்டால் பாஸ் கிட்டாரும் டுட்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். மிஞ்சுவது வெறும் உறுமல். கல்யாண வீடுகளில் செலவைக் குறைக்க 'ஓர்கன் துங்கால்' வைப்பதுண்டு: ஒரு கீபோர்டு, ஒரு பாடகி, அவ்வளவே. அதில் டுட் வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் அச்சடித்தாற்போல ஒரே டுட். பாடகி ஒரு சொல்லை இழுத்தால் அதற்காகக் காத்திருக்காது.

டாங்டுட்டின் வேர் மலாய் இசைக்குழுக்களில். 1950களில் இந்தித் திரைப்பாட்டு மெட்டுகள் அவற்றுக்குள் நுழைந்தன. எல்யா காதாம் அந்தச் சாயலில் பாடிப் புகழ்பெற்றவர். 1970களில் பாடகர் ரோமா இராமா தம் சொனேத்தா குழுவில் கெண்டாங்கையும் மூங்கில் குழலையும் வைத்துக்கொண்டே ராக் கிட்டாரைச் சேர்த்தார். டாங்டுட் என்ற பெயர் முதலில் கேலிப்பெயர். மேல்தட்டு ரசிகர்கள் 'அந்த மேளச்சத்தம்' என்று இளக்காரமாகச் சொன்னதை அவர் தூக்கித் தலையில் சூடிக்கொண்டார். பாடகி எல்வி சுகாயெசி 'டாங்டுட் அரசி' என்றால் இவர் அரசர். அரசரை 1977 தேர்தலில் எதிர்த்தரப்புக்குப் பிரசாரம் செய்ததற்காக அரசுத் தொலைக்காட்சி பல ஆண்டு ஒதுக்கிவைத்தது என்பது வேறு கதை.

கிழக்கு ஜாவாவில் வேகத்தைக் கூட்டினார்கள். அந்தப் பாணிதான் கொப்லோ. பெயர், மலிவான போதை மாத்திரையின் கொச்சைப் பெயரிலிருந்து வந்தது. கெண்டாங் இங்கே தாளத்தைக் காப்பதோடு நிற்பதில்லை, பாட்டின் இண்டு இடுக்கெல்லாம் புகுந்து அடிக்கிறது. மேற்கு ஜாவாவின் சுந்தா மக்களுடைய ஜெய்ப்போங்கான் ஆட்டத்தின் மேள அடியும் இதில் உண்டு. நடுநடுவே வாத்தியக்காரர்கள் போடும் கூவலுக்கு செங்காக்கான் என்று பெயர். அது இல்லாவிட்டால் ஊர் ரசிகர்களுக்குப் பாட்டு உப்பில்லாத சோறு. கிழக்கு ஜாவாவின் பாசுருவானைச் சேர்ந்த பாடகி இனுல் தாராதிஸ்தா தொலைக்காட்சிக்கு வருமுன்பே திருட்டு விசிடி வழியாக நாடெங்கும் பரவியிருந்தார். 2003இல் துளைப்பான்போல் இடுப்பைச் சுழற்றும் அவருடைய ஆட்டத்தை முன்னின்று கண்டித்தவர் அதே ரோமா இராமா! அந்தச் சண்டையில் கொப்லோ தோற்கவில்லை. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான பாட்டைக் கொப்லோவில் பேரெடுத்த வியா வால்லென் பாடினார். 2022 ஆகஸ்ட் 17 சுதந்திர தினத்தன்று அதிபரின் மெர்டேக்கா அரண்மனையில் ஒரு சிறுவன் ஜாவானிய மொழிப் பாட்டைப் பாட, அமைச்சர்கள் எழுந்து ஆடினார்கள்.

ஊர் மேடையில் ஆட எழுந்தால் கை சும்மா வராது. சாவேர் என்பது அங்குள்ள வழக்கம்: ரசிகர் மேடையேறி, பாடகிக்கு எதிரே ஆடியபடி நோட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டுவார். மொத்தமாகக் கொடுத்தால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. பாடகி ஒரு கையில் ஒலிவாங்கி, மறுகையில் நோட்டு என்று பாட்டை விடாமல் சமாளிக்க வேண்டும். நோட்டு தீரும்வரை கெண்டாங்காரரும் அந்த வரியைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருப்பார்.